செல்போன் எட்டாத வழிகளில் ஏபிஆர்எஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையோ பாலைவனமோ, சிக்னல் இல்லாத வழியில் போகும் ஹாம்கள் (லைசென்ஸ் எடுத்த அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) தாங்கள் இருக்கும் இடத்தை ரேடியோவிலேயே அறிவித்துக்கொண்டு போக ஏபிஆர்எஸ் (Automatic Packet Reporting System) உதவுகிறது. லைசென்ஸ் எடுத்தவர்களும் எடுக்கப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. அவர்கள் போவதை வீட்டிலிருந்து இணைய மேப்பில் புள்ளியாகப் பார்க்கப் போகிறவர்களும் இதைப் படித்துவிடுவது நல்லது, முக்கியமாகப் புள்ளி நின்றுபோவதைப் பற்றிய பகுதியை.

ஏபிஆர்எஸ் எப்படி வேலை செய்கிறது?

உங்கள் ரேடியோ ஜிபிஎஸ்ஸிலிருந்து இடத்தை எடுத்து, கால்சைனோடு (லைசென்ஸோடு வரும் உங்கள் அழைப்புக் குறி) சேர்த்து, ஒரு விநாடிக்குள் அடங்கும் சின்ன டேட்டா பாக்கெட்டாக அனுப்பும். இதைப் பீக்கன் என்பார்கள். வழக்கமாக 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அதாவது விஹெச்எஃப்பில், ஓடும் ஏபிஆர்எஸ்ஸின் வேகம் 1200 பாட்தான் (விநாடிக்கு 1200 பிட்). காதில் கேட்டால் 'ப்ர்ர்ப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

உயரமான இடங்களில் இருக்கும் டிஜிபீட்டர்கள் அந்தப் பாக்கெட்டைக் கேட்டு அப்படியே திரும்ப ஒலிபரப்பும். இணையத்தோடு இணைந்த ஐகேட் ஒன்றின் காதில் அது விழுந்தால் உலகம் முழுக்க இருக்கும் ஏபிஆர்எஸ் சர்வர்களுக்குப் போய்விடும். அதன்பின் ஏபிஆர்எஸ் டாட் எஃப்ஐ போன்ற தளங்களில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இதை உருவாக்கிய பாப் புருனிங்கா அமெரிக்கக் கடற்படை அகாடமியில் வேலை பார்த்தவர். 1980களில் தொடங்கிய முயற்சி 1990களின் ஆரம்பத்தில் இன்றைய வடிவத்துக்கு வந்தது. வண்டியைப் பின்தொடரும் கருவியாக மட்டும் இதைப் பார்க்காதீர்கள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்பதை எல்லோரும் உடனுக்குடன் தெரிந்துகொள்வதுதான் அவர் நோக்கம். ஊரை விட்டு விலகிப் போகப் போக அவர் சொன்னதன் அர்த்தம் நன்றாகவே புரியும்.

டவரே இல்லாத இடத்தில் ரேடியோ மட்டும் எப்படி எட்டும்?

எட்டும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 144 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகின்றன. அதனால் வாட்ஸை விட உயரம்தான் முக்கியம். ஒரு சுமார்க் கணக்கு சொல்கிறேன்: இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, இரண்டையும் கூட்டி 4.12ஆல் பெருக்குங்கள். எட்டக்கூடிய தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். சமவெளியிலிருந்து 900 மீட்டர் உயரத்தில் ஒரு டிஜிபீட்டர், 2 மீட்டர் உயரத்தில் உங்கள் வண்டி ஆன்டெனா என்றால் சுமார் 130 கிலோமீட்டர் வரும். செல்போன் டவர் இந்தத் தூரத்தைக் கனவிலும் காணாது.

ஆனால் அதே மலையின் பின்பக்கப் பள்ளத்தாக்கில் நீங்கள் இருந்தால் 2 கிலோமீட்டர்கூட எட்டாமல் போகலாம். 50 வாட்ஸ் போட்டாலும் பாறை வழிவிடாது.

என் பாதையில் எங்கெல்லாம் எட்டும் என்று முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவு தெரியும். மேப் தளத்தில் அந்தப் பகுதியைத் திறந்து, டிஜிபீட்டர்களும் ஐகேட்களும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அவற்றைக் கடைசியாக எப்போது கேட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். மலை உச்சியில் இருக்கும் டிஜிபீட்டர் இடி விழுந்தோ பேட்டரி தீர்ந்தோ மாதக்கணக்கில் ஊமையாகக் கிடக்கலாம். பழைய பட்டியலை நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

இதைவிட நல்ல வழி, அதே பாதையில் முன்பு போன ஹாம்களின் தடத்தைப் பார்ப்பது. புள்ளிகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன, எங்கே அறுந்து போகின்றன என்று கவனியுங்கள். அறுந்த இடத்திலிருந்து அடுத்த புள்ளி வரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி என்றால் உங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

எந்த ஃப்ரீக்வென்சி?

இடத்தைப் பொறுத்தது. வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800, ஆஸ்திரேலியாவில் 145.175, நியூசிலாந்தில் 144.575 மெகாஹெர்ட்ஸ். எல்லை தாண்டும்போது மாற்ற மறந்தால் மணிக்கணக்கில் ஆளில்லாத சேனலில் கத்திக்கொண்டிருப்பீர்கள். போகும் நாட்டின் அமெச்சூர் சங்கம் எதைச் சொல்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன கருவி வேண்டும்?

ஏபிஆர்எஸ் உள்ளேயே இருக்கும் கென்வுட், யேசு (Yaesu) நிறுவன ரேடியோக்கள் சுலபமான வழி. கையில் பழைய ரேடியோ இருந்தால் ஒரு டிஎன்சியை (டேட்டாவை ஒலியாகவும் ஒலியை டேட்டாவாகவும் மாற்றும் மோடம்) இணைத்து, ஆண்ட்ராய்டு போனில் ஏபிஆர்எஸ்டிராய்டு செயலியோடு சேர்த்துக்கொள்ளலாம். அனுப்ப மட்டும் போதும் என்றால் சின்ன ட்ராக்கர் பெட்டிகளும் கிடைக்கின்றன. ஆனால் தனிவழியில் போகிறவர்களுக்கு அனுப்ப மட்டும் தெரிந்த பெட்டியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நீங்கள் அனுப்பியதை ஒரு டிஜிபீட்டர் திரும்பச் சொல்வதைக் காதால் கேட்பதுதான் அங்கே உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஆறுதல். ரிசீவர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

ரேடியோவுக்குச் செலவழிப்பதைவிட ஆன்டெனாவில் கவனம் வையுங்கள். 5 வாட்ஸ் கையடக்க செட்டைக் காரின் உள்ளே வைத்து, அதன் குட்டை ரப்பர் ஆன்டெனாவில் அனுப்பினால் பாதி சக்தி வண்டியின் தகரத்திலேயே சிக்கிக்கொள்ளும். அதே செட்டை, கூரையின் நடுவில் வைத்த சுமார் 49 சென்டிமீட்டர் கால்-அலை ஆன்டெனாவோடு இணைத்துப் பாருங்கள். வேறு ரேடியோ வாங்கியதுபோல இருக்கும்.

பாத் என்ன வைப்பது?

பாக்கெட்டை எத்தனை டிஜிபீட்டர்கள் கைமாற்றலாம் என்று அதிலேயே எழுதும் குறிப்புதான் பாத். வண்டிக்கு வைட்1-1, வைட்2-1 (WIDE1-1,WIDE2-1). இது இரண்டு தாவல், அதாவது இரண்டு முறை கைமாறும். டிஜிபீட்டர்கள் அரிதான பகுதியில் வைட்1-1, வைட்2-2 வைக்கலாம். அதற்கு மேல் போட்டால் உங்கள் பாக்கெட் ஊரெல்லாம் சுற்றி மற்றவர்களின் பாக்கெட்டை மோதிக் கெடுக்கும், உங்களுக்கும் லாபமில்லை. முதல் டிஜிபீட்டரே கேட்கவில்லை என்றால் ஏழு தாவல் எழுதி வைத்து என்ன பிரயோஜனம்?

எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை பீக்கன் அனுப்பலாம்?

வண்டியில் போனால் ஸ்மார்ட் பீக்கனிங் வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் போகும்போது அடிக்கடியும், நிற்கும்போது அரிதாகவும், திரும்பும்போது உடனேயும் அனுப்பும். நெடுஞ்சாலை வேகத்தில் இரண்டு நிமிஷம், நின்றால் அரை மணி நேரம், 30 டிகிரி திரும்பினால் ஒன்று என்பது நல்ல தொடக்கம்.

நடந்து போகிறவர்கள் இந்த அமைப்பை அப்படியே விடக் கூடாது. பல கருவிகளில் 'மெதுவான வேகம்' என்பது 5 கிலோமீட்டர் என்று இருக்கும். ஏற்றத்தில் மூட்டையோடு நடப்பவர் 3 கிலோமீட்டர் வேகத்தில் போவார். கருவியைப் பொறுத்தவரை அவர் உட்கார்ந்திருக்கிறார்! அரை மணிக்கு ஒன்றுதான் அனுப்பும், அதுவும் பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கும்போதுதான் போகும். நடைப்பயணத்துக்கு ஸ்மார்ட் பீக்கனிங்கை அணைத்துவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று நிலையாக வைப்பது மேல்.

கணவாய், முகடு, திறந்த மேடு எதுவானாலும் அங்கே நின்று கையால் ஒரு பீக்கன் அனுப்புங்கள். முப்பது விநாடிக்கு மேல் பொறுத்து இன்னொன்று. ஒரே பாக்கெட் அந்த நேரத்துக்குள் மறுபடி வந்தால் டிஜிபீட்டர்கள் நகல் என்று தள்ளிவிடும், அதனால்தான் இடைவெளி. பள்ளத்தாக்கில் தானாகப் போகும் ஐம்பது பீக்கனைவிட முகட்டில் அனுப்பும் இரண்டுக்கு மதிப்பு அதிகம்.

புள்ளி மூன்று மணி நேரமாக நகரவில்லை. வீட்டில் பதறுகிறார்கள். என்ன அர்த்தம்?

பெரும்பாலும் ஒரு அர்த்தமும் இல்லை. டிஜிபீட்டரின் கண்ணில் படாத இடத்துக்குப் போயிருப்பார். அல்லது இரண்டு பாக்கெட் ஒரே நேரத்தில் வந்து மோதியிருக்கும். இருப்பிடப் பாக்கெட்டுக்கு 'வந்து சேர்ந்தது' என்று பதில் வராது, தொலைந்தால் திரும்ப அனுப்பவும் மாட்டார்கள். ஒரே ஒரு பிட் கெட்டாலும் முழுப் பாக்கெட்டும் குப்பைக்குத்தான். பேச்சு இரைச்சலோடு கேட்கும் இடத்தில்கூடப் பாக்கெட் ஏறாமல் போவது இதனால்தான். ஐகேட்டின் இணையம் அறுந்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம். விபத்தும் ஒரு காரணமாக இருக்கலாம். மேப்பில் எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும்.

ஏபிஆர்எஸ்ஸை நம்பிப் போகிறவர்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ரேடியோவில் இல்லை. கிளம்பும் முன் வீட்டில் இருப்பவரோடு உட்கார்ந்து, மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று பேசி முடிவுசெய்வதுதான் அது. வாயால் சொன்னால் மறந்துபோகும், தாளில் எழுதுங்கள். உதாரணமாக இப்படி:

'காலை பத்து மணிவாக்கில் கணவாயில் புள்ளி வரும். அதற்கப்புறம் பள்ளத்தாக்கு, சாயங்காலம் வரை எதுவும் வராது, கவலைப்பட வேண்டாம். ஆறு மணிக்கு மறுபக்க மேட்டில் வர வேண்டும். வராவிட்டால் தங்குமிடத்துக்குப் போன் செய். இரவு பத்து வரை அங்கேயும் வந்து சேரவில்லை என்றால் மீட்புக் குழுவைக் கூப்பிடு, எண் கீழே இருக்கிறது.'

இந்தத் தாளில் வண்டி எண், எத்தனை பேர், என்ன நிறக் கூடாரம், மாற்று வழி எது என்பதும் இருக்கட்டும். முன்பு குறித்து வைத்த இடைவெளிகள் இங்கேதான் பயன்படும். மௌனம் எங்கே சகஜம், எங்கே இல்லை என்று தெரிந்தவர் தேவையில்லாமல் பதற மாட்டார். பதற வேண்டிய நேரத்தில் 'சிக்னல் இருக்காது' என்று சும்மா இருக்கவும் மாட்டார். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவதுதான் பெரிய ஆபத்து.

வீட்டில் இருப்பவர் இன்னொன்றையும் பழகிக்கொள்ளலாம். கடைசிப் புள்ளியைத் தொட்டால் வேகமும் போன திசையும் தெரியும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வடக்கே போய்க்கொண்டிருந்தவர் வேறு, ஒரே இடத்தில் நான்கு முறை பீக்கன் அனுப்பிவிட்டு நின்றவர் வேறு.

புள்ளி என் வீட்டிலேயே நிற்கிறது. அல்லது பின்னோக்கித் தாவுகிறது. ஏன்?

வீட்டிலேயே நின்றால் ரேடியோவில் இருப்பிடம் 'மேனுவல்' என்று இருக்கிறதா பாருங்கள். ஜிபிஎஸ் என்று மாற்றினால் தீர்ந்தது. கிளம்பும் முன் தெருமுனை வரை போய்வந்து புள்ளி நகர்கிறதா என்று பார்த்துவிடுவது உத்தமம்.

பின்னோக்கித் தாவுவது பெரும்பாலும் உங்கள் தப்பல்ல. ஏதோ ஒரு ஐகேட்டில் பாக்கெட் சிக்கிக் கிடந்து சில நிமிஷம் கழித்து வெளியே வந்திருக்கும். பீக்கனில் பெரும்பாலும் நேரம் எழுதப்படுவதில்லை. சர்வர் எப்போது கேட்டதோ அதையே மேப் நேரமாகக் காட்டும்.

டிஜிபீட்டரே இல்லாத இடத்தில் விண்வெளி நிலையம் வழியாக அனுப்பலாமா?

அனுப்பலாம், ஹாம் ரேடியோவில் இருக்கும் அழகான வசதிகளில் இது ஒன்று. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 145.825 மெகாஹெர்ட்ஸில் ஒரு டிஜிபீட்டர் இருக்கிறது. பாத்தில் அரிஸ் (ARISS) என்று போட வேண்டும். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. தலைக்கு மேல் நல்ல கடப்பு கிடைத்தால் பத்து நிமிஷம் வரை தெரியும். சாதாரண விஹெச்எஃப் ரேடியோவே போதும். வண்டி ஆன்டெனா இருந்தால் நல்லது, கையடக்க செட்டில் நீளமான விப் ஆன்டெனா போட்டாலும் வாய்ப்பு உண்டு. வானம் திறந்திருக்க வேண்டும். எந்த நேரத்தில் கடக்கும் என்று சிக்னல் இருக்கும்போதே கணக்கிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நிலையம் எதையும் சேமித்து வைக்காது. நீங்கள் அனுப்பும் அதே நொடியில் அதன் பார்வைக்குள் ஏதாவது ஒரு தரை ஐகேட் இருந்தால்தான் உங்கள் புள்ளி மேப்புக்குப் போகும். கண்டங்களுக்கு மேலே இது பெரும்பாலும் நடக்கும், நடுக்கடலில் சந்தேகம். அடுத்து, அந்த ரேடியோவைச் சில சமயம் வேறு பயன்முறைக்கு மாற்றிவிடுவார்கள். கிளம்பும் முன் நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள். தானியங்கி பீக்கனை அந்தச் சேனலில் ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ளும் சின்ன ஜன்னல் அது.

ஹெச்எஃப்பில் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை) செய்யலாமா?

செய்யலாம். 10 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் 300 பாட் வேகத்தில் ஏபிஆர்எஸ் இருக்கிறது. மலையைப் பற்றிக் கவலையில்லை, அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆன்டெனா நீளம், கரண்டு செலவு, பகலுக்கும் இரவுக்கும் மாறும் நிலைமை எல்லாம் தொல்லை. மெதுவான, இரைச்சலைத் தாங்கும் ஜேஎஸ்8கால் என்ற டேட்டா முறை வழியாகவும் இருப்பிடத்தை ஏபிஆர்எஸ்ஸுக்குத் தள்ளிவிடலாம். இரவு முகாமில் கம்பி கட்டி ஒருமுறை அனுப்ப அதுதான் எனக்குப் பிடித்த வழி.

நாங்கள் மூன்று வண்டியில் போகிறோம். ஐகேட் இல்லாத இடத்தில் இதனால் பயன் உண்டா?

இங்கேதான் ஏபிஆர்எஸ் தன் முழு வேலையைக் காட்டும். இணையமும் வேண்டாம், டிஜிபீட்டரும் வேண்டாம். ஒரு ரேடியோ அனுப்புவதை அடுத்த ரேடியோ நேரடியாகக் கேட்டு, அவர் எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்று திரையில் காட்டும். புழுதியில் முன்வண்டி தெரியாத இடத்தில், இடதுபக்கம் பிரிந்த பாதையில் போய்விட்டாரா என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

யாராவது ஒருவர் தங்கள் வண்டியில் தற்காலிக டிஜிபீட்டரை ஓட்டலாம். மற்றவர்கள் நடந்து இறங்கும்போது அந்த வண்டியை முகட்டில் நிறுத்தினால் போதும், பள்ளத்தாக்கு முழுக்க எட்டும். ஏபிஆர்எஸ் சேனலில் ரிசீவருக்கு 100 ஹெர்ட்ஸ் டோன் ஸ்க்வெல்ச் (அந்த டோன் சேர்ந்து வந்தால் மட்டும் ஸ்பீக்கரைத் திறக்கும் வசதி) வைத்துக்கொண்டால் பாக்கெட் இரைச்சல் காதை அடைக்காது. அதே டோனோடு யாராவது குரலில் கூப்பிட்டால் மட்டும் கேட்கும். பீக்கனையும் அதே டோனோடு அனுப்பினால் பக்கத்தில் வரும் ஹாம் 'ப்ர்ர்ப்' சத்தத்தைக் கேட்டே நீங்கள் அருகில் இருப்பதைத் தெரிந்துகொள்வார்.

மெசேஜ் அனுப்ப முடியுமா?

முடியும், 67 எழுத்து வரை. மெசேஜுக்குப் பதில் ஒப்புதல் உண்டு, இருப்பிடப் பாக்கெட்டைவிட இது ஒரு படி மேல். ஆனால் பல ஐகேட்கள் காது மட்டும் உள்ளவை. காற்றிலிருந்து இணையத்துக்கு அனுப்பும், இணையத்திலிருந்து திரும்ப ஒலிபரப்பாது. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் மெசேஜ் போய்ச் சேர்ந்திருந்தும் ஒப்புதல் வராது, ரேடியோ பல முறை திரும்ப அனுப்பிப் பார்க்கும். தமிழ் எழுத்தைப் பெரும்பாலான ரேடியோக்கள் காட்டாது, ஆங்கில எழுத்தில் தங்கிலீஷ்தான்.

ஆபத்து என்றால் உதவிக்கு இதையே நம்பலாமா?

நம்பாதீர்கள். ரேடியோக்களில் 'எமர்ஜென்சி' என்று ஒரு நிலை இருக்கிறது. அதைப் போட்டால் கேட்கும் மற்ற ரேடியோக்கள் அலறும். கேட்க ஆள் இருந்தால்தானே? மேப்பை 24 மணி நேரமும் யாரும் வேலையாகப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. 406 மெகாஹெர்ட்ஸ் பிஎல்பி (ஆபத்தில் அழுத்தும் தனிநபர் அவசரப் பீக்கன்) வேறு ரகம். பட்டனை அழுத்தினால் கோஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்கள் வழியாக நேரே மீட்பு மையத்துக்குப் போகும். தனியாகப் போகிறவர் பையில் அது இருக்க வேண்டும், ஏபிஆர்எஸ் அதோடு கூடுதலாக. பிஎல்பி 'இங்கே இருக்கிறேன், காப்பாற்று' என்று மட்டும் சொல்லும். நீங்கள் அதுவரை எந்த வழியில் வந்தீர்கள் என்ற தடத்தைத் தேடுகிறவர்களுக்குக் கொடுப்பது ஏபிஆர்எஸ்.

'எமர்ஜென்சி' நிலை தவறுதலாகத் தேர்வாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொல்லும் 'ஆன் ரூட்' நிலை போதும்.

லைசென்ஸ் இல்லாத நண்பரிடம் ட்ராக்கரைக் கொடுத்து அனுப்பலாமா?

கூடாது. உங்கள் கால்சைனில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. வெளிநாடு போனால் உங்கள் லைசென்ஸ் அங்கே செல்லுமா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த நாடு சிஇபிடி (ஐரோப்பியத் தொலைத்தொடர்பு அமைப்பு) ஒப்பந்தத்தில் இருந்தால், பல ஐரோப்பிய நாடுகளிலும், அதை ஏற்ற வேறு சில நாடுகளிலும் அந்த ஏற்பாட்டில் ஓட்டலாம். மற்ற இடங்களில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சில எல்லைகளில் ரேடியோவைப் பார்த்தாலே கேள்வி வரும், அனுமதித் தாள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

என் இருப்பிடத்தை எல்லோரும் பார்ப்பார்களே?

பார்ப்பார்கள். அமெச்சூர் அலைகளில் அர்த்தத்தை மறைக்கும் குறியாக்கம் கூடாது என்பது சர்வதேச விதி. அதனால் 'குடும்பத்துக்கு மட்டும்' என்ற பூட்டு இங்கே இல்லை. பழைய தடமும் தளங்களில் தங்கும். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்குச் சொல்ல விருப்பமில்லை என்றால் ஊரைத் தாண்டியபின் பீக்கனைத் தொடங்குங்கள். இருப்பிடத்தின் கடைசி இலக்கங்களை மறைக்கும் வசதியும் பல கருவிகளில் உண்டு. ஆனால் தனிவழியில் அதை அணைத்து வைக்கவும், தேடுகிறவருக்கு அந்த இலக்கங்கள்தான் வேண்டும்.

பேட்டரி எவ்வளவு தாங்கும்?

பீக்கன் ஒரு விநாடிதான், அது பேட்டரியைத் தின்னாது. எந்நேரமும் விழித்திருக்கும் ரிசீவரும் ஜிபிஎஸ்ஸும் திரை வெளிச்சமும்தான் தின்னும். திரையை அணையுங்கள், இரவில் ரேடியோவையே அணையுங்கள். அணைக்கும் முன் ஒரு கடைசி பீக்கன். குளிர் இடத்தில் உபரி பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள்.

மேப்பில் இருக்கும் எண்களை மீட்புக் குழுவுக்கு அப்படியே படித்துச் சொல்லலாமா?

எந்த வடிவத்தில் சொல்கிறீர்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால் மட்டும். ஏபிஆர்எஸ் பாக்கெட்டில் பொதுவாக இருப்பது டிகிரியும் நிமிஷமும். 1030.50 என்று பாக்கெட்டில் வந்தால் அது 10 டிகிரி, 30.50 நிமிஷம். இதை ஒருவர் 10.3050 டிகிரி என்று எழுதிக்கொண்டால் வடக்கு-தெற்கில் 22 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்த் தேடுவார்கள். 'பத்து டிகிரி, முப்பது புள்ளி ஐந்து நிமிஷம், வடக்கு' என்று முழுதாகச் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் புள்ளி எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் கூடவே சொல்லுங்கள்.